ரத்தத்தையும் சாட்சியத்தையும் அரைகுறைச் சான்றிதழிடம் ஒப்படைக்காதே!



பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் நம்ம கடத்தூர்ல எந்தச் சுவரை வேணும்னாலும் பாருங்க. "ஆறே மாதத்தில் லேப் டெக்னீசியன்! 100% வேலை உறுதி!" பக்கத்துலயே இன்னொரு நோட்டீஸ்: "குற்றவியல் படிப்பு! போலீஸ் வேலைக்கு நேரடி வாய்ப்பு!"

அதைப் படிச்சுட்டு நிக்கிறது யாரு? திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் பெங்களூரு கட்டட வேலைக்கும் போன அப்பா அம்மாவோட பிள்ளைங்க. வீட்டுல முதல் தடவையா காலேஜ் வாசலை மிதிக்கப் போற தம்பி, தங்கச்சிங்க. தோடு அடகுக்குப் போகும். ஆடு விற்கப்படும். பணம் கட்டியாச்சு. கையில சான்றிதழும் வந்தாச்சு. அதை எடுத்துக்கிட்டு அரசு வேலைக்கு விண்ணப்பிக்கப் போனா, "இது செல்லாதும்மா" என்று ஒரே வரியில் பதில் வருது.

இப்படி ஒரு வீடாவது உங்க தெருவுல இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம்.

இதைச் சிலர் "ஏமாந்தவன் தப்பு" என்று கடந்து போகிறார்கள். இல்லை தோழர்களே. அரசு கல்லூரியில் தேவையான இடம் இருந்தால் நம்ம பிள்ளை ஏன் மாடிப்படிக்குக் கீழே நடக்கும் இன்ஸ்டிடியூட்டைத் தேடிப் போகிறான்? வாசலை அடைத்து வைத்தவர்களை விட்டுவிட்டு, சந்து வழியாகப் போனவனைக் குறை சொல்வது நியாயமா?

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2021ல் நாடாளுமன்றம் துணை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. மருத்துவ ஆய்வகப் பணியும் அதில் அடக்கம். அந்தச் சட்டப்படி டெக்னீசியன் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும். அதுவும் 2 முதல் 4 ஆண்டுகளுக்குள் பரவியிருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் கணக்கில் ஆறு மாதச் சான்றிதழ் எங்கே வரும்? சட்டம் போட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. சுவரில் நோட்டீஸ் மட்டும் அப்படியே இருக்கு.

"ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறதுக்கு இவ்வளவு படிப்பா?" என்று கேட்கிறவர்களுக்கு மூணு விஷயம் சொல்றோம்.

சர்க்கரை பார்க்க எடுத்த ரத்தத்தைச் சாதாரணக் குழாயில் மணிக்கணக்கில் வைத்தால், ரத்த அணுக்களே அந்தச் சர்க்கரையைத் தின்றுவிடும். அளவு குறைவாகக் காட்டும். அதற்குத்தான் ஃபுளோரைடு கலந்த, சாம்பல் மூடி போட்ட தனிக் குழாய் இருக்கு.

டெங்கு காய்ச்சலில் தட்டணு எண்ணும்போது, குழாயில் உள்ள ரசாயனத்தால் சிலருக்குத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெஷின் அதைக் குறைவு என்று காட்டும். கண்ணாடித் தகட்டில் பூசி மைக்ராஸ்கோப்பில் பார்க்கத் தெரிந்தவர்தான் உண்மையைச் சொல்ல முடியும். தெரியாதவர் கையில் சிக்கினால், வீட்டில் இருக்க வேண்டிய குழந்தையைத் தூக்கிக்கிட்டு நடு ராத்திரியில் சேலத்துக்கு ஓடணும்.

மூணாவது, ரத்த வகை. அதை மாற்றி எழுதினால் நடப்பது என்ன என்று நாங்க சொல்லணுமா?

டாக்டர் பார்ப்பது அந்தச் சீட்டைத்தான். சீட்டு பொய் சொன்னால் டாக்டரும் தப்பு செய்வார். காசு உள்ளவன் இன்னொரு லேபில் மறுபடியும் பார்த்துக்குவான். கூலிக்காரனுக்கு அந்த ஒரு சீட்டுதான் தோழர்களே!

இப்போ ரெண்டாவது நோட்டீசுக்கு வருவோம். குற்றவியல் படித்தால் போலீஸ் வேலை நேரடியாம்! சப்-இன்ஸ்பெக்டர் தேர்வு எழுத ஏதாவது ஒரு பட்டம் போதும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும். தேர்வு எழுதித்தான் தேறணும். எந்த இன்ஸ்டிடியூட்டாலும் காக்கிச் சட்டையை வாங்கித் தர முடியாது.

அதனால் அந்தப் படிப்பு வீண் என்று அர்த்தமா? இல்லவே இல்லை. நம்ம மாவட்டத்துக்கு அதைவிட அவசியமான படிப்பு குறைவு.

ஏன் என்று கேட்கிறீர்களா? வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். பக்கத்து அரூர் வட்டம், சித்தேரி மலையடிவாரம். 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊருக்குள் இறங்கின. வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். ஆதாரத்தைத் திரட்ட வேண்டிய கைகளே குற்றம் செய்த கைகள். பிறகு யார் ஆதாரம் திரட்டுவார்கள்?

மலைவாழ் மக்கள் சங்கம் போராடி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1995ல் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. தருமபுரி நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அதற்குள் 54 பேர் செத்தே போய்விட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. அதை உயர் நீதிமன்றம் உறுதி செய்தபோது 2023 செப்டம்பர் 29. 31 வருடம்! குமரிகள் பாட்டிகள் ஆன பிறகு வந்த நீதி!

அந்தப் பெண்களின் நெஞ்சுரம்தான் அந்த வழக்கைக் காப்பாற்றியது. எல்லா ஊரிலும் எல்லாப் பெண்ணும் 31 வருடம் நிற்க முடியுமா? நிற்க வைப்பதுதான் நியாயமா?

நம்ம மாவட்டத்தின் இன்னொரு அவமானமும் இருக்கு. பெண் சிசுக்கொலைக்கு எதிராகத் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001ல் இங்கே கொண்டு வர வேண்டியிருந்தது. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994லேயே சட்டம் வந்தது. ஆனாலும் தகுதியே இல்லாதவர்கள் கையடக்க ஸ்கேன் கருவியோடு வீடு வீடாகத் திரிந்து கைதான செய்தியை இதே மாவட்டத்தில் மறுபடி மறுபடி படிக்கிறோம். அரைகுறை மருத்துவமும் அரைகுறை நீதியும் எங்கே சந்திக்கின்றன என்றால், அந்த வீட்டுத் திண்ணையில்தான்.

இப்போது ஒன்றிய அரசு கொண்டு வந்த புதிய சட்டத்தைப் பாருங்கள். வாயில் நுழையாத பெயர், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கு. அதன் 176(3) பிரிவு, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் நடந்தால், தடய அறிவியல் நிபுணர் நேரில் வந்து ஆதாரம் திரட்ட வேண்டும் என்கிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம்.

நல்ல விஷயம்தான். ஆனால் ஆள் எங்கே? சட்டத்தை டெல்லியில் எழுதிவிட்டால் நிபுணர் வானத்திலிருந்து குதிப்பாரா?

ரத்தக்கறை படிந்த சேலையை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால், பூஞ்சை பிடித்து ஆதாரம் அழுகிப் போகும். நிழலில் உலர்த்தி, காகிதத்தில் பொதிந்து, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஒவ்வொரு கட்டமும் எழுதி வைக்கணும். இது தெரியாததால் குற்றவாளி சிரித்துக்கொண்டே வெளியே வருவான். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றுவதும் ரத்தம்தான். கோர்ட்டில் உண்மையைச் சொல்வதும் ரத்தம்தான். இரண்டையும் பயிற்சி பெற்றவர் கையில்தான் கொடுக்கணும்.

1849லேயே சென்னையில் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கிய மாநிலம் இது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறை இருக்கு. பெருமைதான். ஆனால் கடத்தூர்ப் பிள்ளை திருநெல்வேலிக்குப் போய் விடுதிக் கட்டணம் கட்டிப் படிக்கணுமா? பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவார்களா? அனுப்பாமல் வீட்டில் வைத்தால் அடுத்து என்ன நடக்கும் என்று குழந்தைத் திருமணத்தோடு மல்லுக்கட்டும் இந்த மாவட்டத்துக்குத் தெரியாதா?

"எதையோ ஒண்ணு படிக்கட்டும், படிக்கிறதே பெரிசு" என்று சொல்லும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்க பேரன் எதையோ ஒண்ணு படிக்கக் கூடாது ஐயா. பணக்கார வீட்டுப் பிள்ளை படிப்பதைப் போல, செல்லுபடியாகும் படிப்பைப் படிக்கணும்.

ஒழுங்காக நடத்தும் தனியார் கல்லூரிகளை நாங்க குறை சொல்லவில்லை. அனுமதி இல்லாமல் கடை விரிப்பவர்களையும், பார்த்தும் பாராமல் இருக்கும் அதிகாரத்தையும்தான் கேட்கிறோம்.

நம் கோரிக்கைகள்:

1. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியில் மருத்துவ ஆய்வகப் படிப்புக்கான இடங்களை உயர்த்து!

2. பாப்பிரெட்டிப்பட்டி, அரூர், காரிமங்கலம், பென்னாகரம், தருமபுரி அரசு கலைக் கல்லூரிகளில் ஒன்றிலாவது குற்றவியல், தடய அறிவியல் பட்டப்படிப்பை அரசு கட்டணத்தில் நடத்து!

3. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை ஒவ்வொரு அரசு மேல்நிலைப் பள்ளியிலும் தாலுகா ஆபீசிலும் ஒட்டு! பட்டியலில் இல்லாததை இழுத்து மூடு!

4. தொகுப்பூதியத்தில் காலம் தள்ளும் லேப் டெக்னீசியன்களை நிரந்தரமாக்கு! படித்தவனுக்கு வேலை இல்லையென்றால் படிப்புக்கு மதிப்பு ஏது?

5. 176(3) பிரிவுக்குத் தேவையான பணியிடங்களை மாவட்ட வாரியாக உருவாக்கு!

கோரிக்கை நிறைவேறும் வரை சும்மா இருக்க வேண்டாம். தம்பி, தங்கச்சிகளே, பணம் கட்டுவதற்கு முன் நாலு கேள்வி கேளுங்க. படிப்பு எத்தனை வருடம்? சான்றிதழ் தருவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது எந்த அரசுத் துறை? பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில்? இந்தச் சான்றிதழோடு எந்த அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம்? நாலுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்க. "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா" என்று சொன்னால் செருப்பை மாட்டிக்கிட்டு வெளியே வாங்க.

தோழர்களே, இந்தப் பதிவை லைக் போட்டுவிட்டுப் போகாதீர்கள். இந்த வருடம் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளை இருக்கும் ஒரு வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டுங்கள். அடகுக்குப் போக இருக்கும் ஒரு தோடாவது காதிலேயே தங்கட்டும்!

#கடத்தூர்
#அரசு_கல்லூரியில்_ஆய்வகப்_படிப்பு
#போலிச்_சான்றிதழை_ஒழிப்போம்