கடல் கடக்கும் கொட்டான்

காரைக்குடி வட்டாரத்தாருக்குக் கடல் கடந்த வாணிபம் புதியதன்று. பர்மா, மலாயா, இலங்கை என்று நகரத்தார் பெருமக்கள் சென்ற தடத்தை நாடறியும். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த ‘ரஜுலா’க் கப்பலை இன்றும் நினைவுகூரும் முதியோர் உளர். அக்கப்பல் ஓய்ந்து அரை நூற்றாண்டு ஆயிற்று. இன்றோ செக்காலையில் தம் வீட்டுக் கூடத்திலேயே அமர்ந்து, கைப்பேசி வழியாக அயல்நாட்டாருக்குப் பொருள் விற்கும் தாய்மார் நம் பங்கிலும் இருக்கின்றனர்.

அவர்களுள் ஒருவர், பனையோலைக் கொட்டான் முடைந்து விற்பவர், அண்மையில் நம்மிடம் ஒரு வினாவுடன் வந்தார். “சாமி, அமெரிக்காவிலிருந்து ஆறு கொட்டான் கேட்டிருக்கிறார்கள். பொதியின் மேல் ‘கிப்ட்’ என்று எழுதி, விலையையும் குறைத்துப் போடச் சொல்கிறார்கள். வாங்குகிறவர்களே சொல்லும்போது எழுதினால் பாவமா?”

‘ஆம்’ என்று ஒரே சொல்லில் விடையிறுத்து அனுப்பியிருக்கலாம். அது அச்சகோதரிக்கு நீதியாகாது. நாள் முழுதும் ஓலை வகிர்ந்து முடைந்த கூடையின் விலையைவிட அதை அனுப்பும் கூலி மிகும்போது, பொய்யும் ஒரு சிக்கன வழியாகத் தோன்றிவிடுகிறது. ஆகவே கூலி எங்கே கூடுகிறது, எங்கே நேர்மையாகக் குறைக்கலாம் என்பதை முதலில் காண்போம்.

டி.எச்.எல்., பெடெக்ஸ் போன்ற தனியார் கூரியர் நிறுவனங்கள் சில நாள்களிலேயே வாங்குவோர் வாசலில் பொதியைச் சேர்க்கின்றன. ஆனால் அவை தராசை மட்டும் நம்புவதில்லை, அளவுநாடாவையும் எடுக்கின்றன. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் வருவது ‘கன அளவு எடை’. மெய்யான எடை, இந்த எடை ஆகிய இரண்டில் எது மிகுதியோ அதற்கே கட்டணம். மூன்று அளவும் 30 செ.மீ. உள்ள பெட்டியில் கொட்டான்களை அடுக்கினால் தராசில் ஒரு கிலோ நிற்கலாம். கூரியர் கணக்கில் அது 5.4 கிலோ! காற்றுக்கன்றோ கூலி கொடுக்கிறோம்? சிறியதைப் பெரியதனுள் வைத்துப் பெட்டியின் உயரத்தைப் பாதியாக்கினால் 2.7 கிலோவாகும். பொய்யின்றிக் கிட்டும் சிக்கனம் இது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை விற்போருக்கு இத்தொல்லை இல்லை. மடித்தால் தட்டையாய் அடங்கிவிடும். ஆத்தங்குடிக் கல்லோ நேர்மாறு. சிமென்டும் மணலும் சேர்ந்த அந்தப் பாரத்தைச் சில்லறையாக விமானத்தில் அனுப்பினால் கட்டுபடியாகாது. அதற்குக் கப்பலே கதி.

அரசின் அஞ்சல் துறையை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். 1874-இல் பெர்ன் நகரில் உருவான அனைத்துலக அஞ்சல் ஒன்றியத்தில் இந்தியா 1876 முதல் உறுப்பு நாடு. ஆதலாலன்றோ காரைக்குடி அஞ்சலகத்தில் ஒப்படைத்த பொதியை ஈப்போ நகரத்துத் தபால்காரர் கொண்டுபோய்க் கொடுக்கிறார்! அவசரமெனில் இ.எம்.எஸ். என்னும் பன்னாட்டு விரைவஞ்சல். எடை குறைந்த பொருளுக்கு, போகுமிடத்தைக் கணினியில் பார்த்தறியும் தடமறி பொதிச் சேவை. பெரும் பொதிகளுக்கு விமானப் பார்சல். எல்லாச் சேவையும் எல்லா நாட்டுக்கும் இல்லை. எடை வரம்பும் நாட்டுக்கு நாடு மாறும். சிறு விற்பனையாளருக்கென 2022-இல் ‘டாக் கர் நிர்யாத் கேந்திரா’ எனும் அஞ்சலக ஏற்றுமதி மையங்கள் தொடங்கப்பட்டன. அவற்றின் வழியே சுங்கப் பத்திரத்தை வீட்டிலிருந்தே இணையவழி நிரப்பலாம். ஏற்றுமதியாளர்க்குரிய பத்து இலக்க ஐ.இ.சி. எண்ணுக்குக் கட்டணம் 500 ரூபாய். அதைக் கண்டு அஞ்சுவோர் பலர், அஞ்சத் தேவையில்லை.

மூன்றாவது வழி கடைத்தெருப் பார்சல் முகவர். நேர்மையாளர் பலர் உண்டு. ஆனால் சிலர் விற்பனைச் சரக்கையும் அன்பளிப்பு என்றே பதிந்துவிடுவர். விற்பவர் அறியாமலே அவர் பெயரால் பொய் எழுதப்படும். எப்படிப் பதிந்தீர் என்று கேட்டு, நகல் வாங்கி வைத்துக்கொள்க.

இனி அச்சகோதரியின் வினாவுக்கு வருவோம். 800 டாலர் வரையிலான பொதிகளுக்கு அளித்திருந்த தீர்வை விலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்டு 29 முதல் நிறுத்திற்று. நம் அஞ்சல் துறை ஆகஸ்டு 25 அன்றே அந்நாட்டுக்கான பொதிகளை ஏற்பதை நிறுத்திவைத்து, அனுப்பும்போதே தீர்வையை இங்குச் செலுத்தும் ஏற்பாட்டுடன் அக்டோபர் 15 முதல் மீண்டும் ஏற்றது. அவ்வமயம் 100 டாலர் வரையிலான மெய்யான அன்பளிப்புக்கு மட்டும் விலக்கு எஞ்சியிருந்தது. ‘கிப்ட் என்று எழுதுங்கள்’ என்னும் வேண்டுகோள் பெருகியதன் காரணம் இப்போது விளங்கும்.

விலைக்கு விற்றது அன்பளிப்பாகாது. சுங்கப் படிவத்தில் ‘விற்பனைப் பொருள்’ என்பதற்கும் ‘அன்பளிப்பு’ என்பதற்கும் தனித்தனிக் கட்டங்கள் உள. அடியில் ‘இவை மெய்’ என்று கையொப்பமிடுகிறோம். நீதிமொழிகள் ஆகமம் கடிந்துரைக்கும் கள்ளத் தராசு நம் காலத்தில் இப்படிவத்தின் உருவில் வருகிறது என்பதே நம் கருத்து. மேலும் பொய்யால் மிச்சமாவது வாங்குவோர் பணம், கையொப்பமோ முடைந்தவருடையது. 3,000 ரூபாய்ச் சரக்கை 500 என்று எழுதி, அது வழியில் தொலைந்தால் 3,000-க்கு இழப்பீடு கேட்க எந்த முகத்தோடு போவது? சோதனையில் பொய் வெளிப்பட்டுப் பொதி முடங்கினால், அடுத்த பொதிக்கும் அப்பெயர் சந்தேகத்திற்குரியதாகிவிடும்.

ஆகவே அச்சகோதரிக்கு நாம் கூறியது இதுவே: மெய் விலையை எழுதுங்கள், தீர்வை எவ்வளவு, அதை யார் செலுத்துவது என்பதை விலை பேசும்போதே வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2021 ஜூலை முதல் எவ்வளவு சிறிய விற்பனைப் பொதிக்கும் மதிப்புக் கூட்டு வரி உண்டு. சிங்கப்பூரிலோ 400 வெள்ளிக்கு மேற்படாத பொதிக்கு இறங்குமிடத்தில் வரி கேட்பதில்லை. ஆயினும் பெரிய இணையச் சந்தைகள் 2023 முதல் விற்கும்போதே அவ்வரியைச் சேர்த்து வாங்கிக்கொள்கின்றன. இவற்றை முன்னரே அறிந்த வாடிக்கையாளர் ஒருவேளை ஆறுக்குப் பதில் நான்கு கேட்கலாம், வேண்டாமென்றும் சொல்லலாம். அந்த இழப்பு சிறிதன்று என்பதை நாம் அறிவோம். அந்த வீட்டில் பள்ளிக் கட்டணம் கொட்டானிலிருந்துதான் வருகிறது. கூலியைக் குறைக்கப் பெட்டியைச் சுருக்குவதும், வேகத்தை விட்டு அஞ்சல் வழியே அனுப்புவதும், இரு வாடிக்கையாளர் ஒரே ஊரினராயின் ஒன்றாக அனுப்பலாமா என்று கேட்பதும் அவர் கையில் உள்ளன.

முறுக்கும் பொடியும் விற்போருக்கு ஒரு சொல்: அமெரிக்காவுக்கு உணவுப் பொருள் விற்று அனுப்பினால் அந்நாட்டு உணவுத் துறைக்கு முன்னறிவிப்பு தருதல் கட்டாயம். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஓலை, விதை, மரம் ஆகியவற்றைக் கடுமையாகச் சோதிக்கும். கொட்டானில் பூச்சி அரித்த ஓலை ஒன்றுகூட இருத்தலாகாது. நன்கு உலர்த்தியே அனுப்புக.

கிறிஸ்து பிறப்புக்கு அயல்நாட்டில் சேரவேண்டிய பொதிகளைத் திருவருகைக் காலம் தொடங்குமுன் ஒப்படைத்துவிடுங்கள். டிசம்பரில் எல்லா நாட்டு அஞ்சலும் நெரியும். ‘பத்து நாளில் வரும்’ என்று அப்போது வாக்களிக்க வேண்டாம்.