பெருங்குடல் இல்லாமல் வாழ முடியுமா?

"பெருங்குடலை எடுத்துவிட வேண்டும்" என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எல்லோரும் வாயடைத்துப் போகிறார்கள். "குடலை எடுத்த பிறகு மனுஷி பிழைப்பாளா? பிழைத்தாலும் அது ஒரு பிழைப்பா?" என்று மாமியார் கண்ணைக் கசக்குகிறார். "வயிற்றில் பையைக் கட்டிக்கொண்டு நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பது?" என்று நோயாளி அழுகிறாள். ஆபரேஷன் தேதி தள்ளிப் போகிறது. நோய் மட்டும் தள்ளிப் போவதில்லை.

சகோதரிகளே, பிழைப்பாளா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெருங்குடல் இல்லாமல் வாழலாம். வேலைக்குப் போகலாம், சமைக்கலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம், பிள்ளை பெறலாம். ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு வாழவேண்டும்.

நாம் உண்ணும் ஆகாரத்தின் சத்தையெல்லாம் சுமார் 20 அடி நீளமுள்ள சிறுகுடலே எடுத்துக்கொள்கிறது. பெருங்குடலின் நீளம் 5 அடிதான். தினம் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் திரவம் அதற்குள் வருகிறது. அதில் பெரும் பகுதியை உடம்புக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை மலமாக வெளியேற்றுவதே அதன் முக்கிய வேலை.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துச் சகோதரிகளுக்கு இதை விளக்குவது சுலபம். பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டு அடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு, தோலிலுள்ள நீரை இழுத்துவிடுகிறது. உப்பு போகிற பக்கம் நீரும் போகும். பெருங்குடலும் உப்பைத் தன் சுவர் வழியே இரத்தத்துக்கு அனுப்புகிறது. அதன் பின்னாலேயே நீரும் போய்விடுகிறது.

இது சம்பந்தமாக நம் வேலூரிலேயே ஓர் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் சகாக்களும் காலரா நோயாளிகளுக்கு, உப்பு-சர்க்கரைக் கரைசலுடன் எளிதில் ஜீரணமாகாத ஒருவகை மாவைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மாவு பெருங்குடலில் புளித்து, உப்பையும் நீரையும் அதிகமாக உறிஞ்ச உதவிற்று. பேதி குறைந்தது. 2000-ஆம் ஆண்டில் இது உலகப் புகழ் பெற்ற மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது. பெருங்குடல் நமக்கு எவ்வளவு நீரைக் காப்பாற்றித் தருகிறது என்பதற்கு இது நல்ல சாட்சி. அதை எடுத்துவிட்டவர்கள் எதில் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

எவ்வளவு எடுப்பார்கள்?

பெருங்குடல் ஆபரேஷன் என்றாலே பை என்று நினைக்க வேண்டாம். புற்றுநோய்க்குப் பெரும்பாலும் ஒரு பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, இரு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத பெருங்குடல் புண் நோயிலும், பரம்பரையாக நூற்றுக்கணக்கில் சிறு கட்டிகள் வளரும் நோயிலும் முழுவதையும் எடுக்க நேரலாம். அப்போது சிறுகுடலின் முனையை வயிற்றின் மேல் ஒரு சிறு வாயாக அமைத்து, அதன்மேல் பையை ஒட்டுவார்கள். சிலருக்குத் தையல் ஆறும்வரை சில மாதங்களுக்கு மட்டுமே இந்த ஏற்பாடு. சிலருக்கு ஆயுள் முழுவதும். லண்டனில் பார்க்ஸ், நிக்கோல்ஸ் என்ற டாக்டர்கள் 1978-ல் வெளியிட்ட முறைப்படி, சிறுகுடலையே உள்ளே ஒரு பைபோல் தைத்து ஆசனவாயில் இணைப்பதும் உண்டு. அது எல்லோருக்கும் பொருந்தாது.

ஆகவே டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: எவ்வளவு எடுப்பீர்கள்? பை வேண்டியிருக்குமா? தற்காலிகமா, நிரந்தரமா? மலக்குடல் பகுதியில் ஆபரேஷன் ஆனால் சிலருக்குக் கருத்தரிப்பது தாமதப்படலாம். குழந்தை வேண்டும் என்பவர்கள் இதையும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

இன்னொன்று. அவசர ஆபரேஷன் அல்லவென்றால், பை வரவேண்டிய இடத்தை முதலிலேயே வயிற்றில் மையால் குறிப்பார்கள். அன்றைக்கு வழக்கமாக உடுத்தும் புடவை பாவாடையோடு போங்கள். பாவாடை நாடா கட்டும் இடத்திலோ, உட்காரும்போது மடிப்பு விழும் இடத்திலோ குறி அமையக் கூடாது. ஷூ கம்பெனியில் தையல் மிஷின் முன் நாள் முழுதும் குனிந்து உட்காருபவர்கள், அப்படி உட்கார்ந்தே காட்டுங்கள். இந்த ஐந்து நிமிஷத்தில் வருஷக்கணக்கான சௌகரியம் இருக்கிறது.

பையோடு பழகுதல்

முற்காலத்தில் இந்தக் குடல்வாய் தோலோடு தோலாக இருந்தது. ஜீரண நீர் பட்டுத் தோல் வெந்துபோகும். 1952-ல் பிரிட்டிஷ் டாக்டர் பிரையன் புரூக், குடல் முனையைச் சட்டைக் கையை மடிப்பதுபோல் வெளிப்புறமாக மடித்துத் தைக்கும் முறையைச் சொன்னார். அமெரிக்காவில் டாக்டர் டர்ன்புல், புண்ணாகும் தோலைக் காக்கக் கராயா கோந்தைப் பயன்படுத்தினார். அது நம் இந்தியக் காட்டு மரத்துப் பிசின்! அவரிடம் ஆபரேஷன் செய்துகொண்ட நார்மா கில் என்ற பெண்மணியே, 1958 முதல் அவருடன் சேர்ந்து மற்ற நோயாளிகளுக்குப் பை பராமரிப்பைக் கற்றுக் கொடுத்தார். இன்று இதற்கென்றே பயிற்சி பெற்ற நர்ஸுகள் இருப்பதற்கு அவரே முன்னோடி.

குடல்வாய் சிவந்து ஈரமாக இருப்பதே சுபாவம். தொட்டால் வலிக்காது. சுற்றியுள்ள தோலை வெறும் தண்ணீரால் கழுவி ஒற்றித் துடைத்தால் போதும். எண்ணெய், கிரீம் தடவினால் பை ஒட்டாது. பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்யுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு இருக்கும்போது பை மாற்றுவது சுலபம். இதை ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புமுன் நீங்களும், வீட்டில் இன்னொருவரும் கற்றுக்கொண்டுவிட வேண்டும்.

வேலூர் வெயிலும் உப்புநீரும்

அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில், நீரில்லாத ஆறு என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. கோயிலுக்கு 1981-ல் சாமி வந்துவிட்டார். பாலாற்றில்தான் பெரும்பாலும் மணல். பெருங்குடலை இழந்த தேகமும் சித்திரை வெயிலில் இப்படி வறண்டுவிடக்கூடும். தாகத்துக்கு வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால், அது உடம்பில் தங்காமல் உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியே போகும்.

லண்டன் செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரி முறை இது: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில், தலைதட்டி 6 டீஸ்பூன் குளுக்கோஸ், தலைதட்டி 1 டீஸ்பூன் உப்பு, குவித்து அரை டீஸ்பூன் சமையல் சோடா. இதை நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக வேண்டும். எவ்வளவு என்பதை டாக்டரே சொல்வார். இரத்தக் கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் அவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

ஆபரேஷன் ஆன முதல் ஆறிலிருந்து எட்டு வாரம் குழைந்த சாதம், தயிர், இட்லி, வாழைப்பழம், தோல் நீக்கி வேகவைத்த காய் போதும். தேங்காய்த் துருவல், வேர்க்கடலை, மக்காச்சோளம், வாழைத்தண்டு, முருங்கைச் சக்கை ஆகியவை குடல்வாயில் அடைத்துக்கொள்ளும். ஆம்பூர் பிரியாணி ஆசை யாரை விட்டது? அதற்கும் காலம் வரும். சிறிதளவாக, நன்றாக மென்று தின்னவேண்டும். இந்த நாட்களில் தண்ணீர்க் குடம் தூக்கவே கூடாது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய அறிகுறிகள்: நாவறட்சியோடு தலைசுற்றல், காலில் சதை பிடித்துக்கொள்ளுதல், சிறுநீர் குறைந்து கருமஞ்சளாகப் போதல்; பையில் ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்கு மேல் சேர்தல்; பல மணி நேரம் பையில் ஒன்றுமே வராமல் வயிற்றுவலியும் வாந்தியும்; குடல்வாய் கறுத்துப்போதல்.

பேதி மருந்தைத் தொடவே கூடாது. மெதுவாகக் கரையும் மாத்திரைகள் அப்படியே பையில் வந்துவிடலாம். ஆகையால் எந்த டாக்டரிடம் போனாலும் பெருங்குடல் இல்லை என்பதை முதலில் சொல்லுங்கள். செலவுக்குப் பயந்து தயங்குகிறவர்கள், கம்பெனி வேலையில் இருந்தால் இ.எஸ்.ஐ. உரிமையையும், இல்லாவிட்டால் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையும் பற்றி விசாரியுங்கள்.

கடைசியாக, வெட்கம். டாக்டர் ஐடா ஸ்கடர் இளம் பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று பிரசவங்களுக்கு அழைப்பு வந்தது. அவருக்கோ வைத்தியம் தெரியாது. டாக்டரான தகப்பனாரை அழைத்துப் போகச் சொன்னார். ஆண் டாக்டர் கூடாது என்று மறுத்துவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்தத் துக்கமே அவரை டாக்டராக்கியது. 1900-ல் வேலூருக்கு வந்து சிகிச்சையைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியும் ஏற்படுத்தினார்.

இன்றைக்குப் பெண் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் மலத்தில் இரத்தம் போவதை 'மூலச் சூடு' என்று மாதக்கணக்கில் மறைத்துவைக்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். மூலமாகவே இருக்கலாம். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் டாக்டர். இரத்தம் கண்டாலோ, மலம் போகும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருந்தாலோ, காரணமில்லாமல் இளைத்தாலோ, இந்த வாரமே போய்க் காட்டுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பலருக்கு ஒரு துண்டுக் குடலோடு காரியம் முடிந்துவிடும்.