போன் கம்பெனிக்கு ஒரு நீதி, பாட்டாளிக்கு ஒரு நீதியா?

2024ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதி பிற்பகலில், சிங்கப்பூரில் சிங்டெல் நிறுவனத்தின் வீட்டுத் தொலைபேசிச் சேவை சுமார் 4 மணி நேரம் நின்று போயிற்று. ஏறத்தாழ 5 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். வீட்டுப் போன்தானே, போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் போலீசை அழைக்கும் 999, தீயணைப்பு வண்டியையும் ஆம்புலன்சையும் அழைக்கும் 995 ஆகிய எண்களுக்கும் அன்று கோளாறு வந்தது. ஆஸ்பத்திரிகளையும் அது விடவில்லை. தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் இதை விசாரித்து, 2025இல் நிறுவனத்துக்கு 1 மில்லியன் வெள்ளி அபராதம் விதித்தது.

ஒரு மில்லியன் வெள்ளி! நம்மைப் போன்றவர்களுக்குக் கேட்கவே மலைப்பாக இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் சிங்டெல் குழுமம், ஒருமுறை மட்டும் வந்த வரவுகளை நீக்கிவிட்டுக் காட்டிய நிகர லாபம் 2.47 பில்லியன் வெள்ளி. வெளிநாட்டு வருமானமும் இதில் அடக்கம். இதை நாளுக்கும் மணிக்கும் பிரித்தால், மணிக்கு ஏறக்குறைய 2 லட்சத்து 80 ஆயிரம் வெள்ளி வருகிறது. அப்படியானால் அபராதத் தொகை வெறும் மூன்றரை மணி நேர லாபம்தான். போன் செத்துக் கிடந்ததோ 4 மணி நேரம்! இந்த அபராதமும் அரசாங்கக் கருவூலத்துக்குப் போகிற பணம். அன்று போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு தவித்தவனுக்கு அதில் ஒரு காசும் இல்லை.

தோட்டத் தொழிலாளர் பகுதியில் போன் கம்பெனியைப் பற்றி எதற்கு எழுத வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. நாம் பிள்ளைகளாக இருந்தபோது தோட்டத்தில் போன் இருந்த இடங்கள் இரண்டே இரண்டு. ஒன்று துரை பங்களா, இன்னொன்று ஆபீஸ். ஊரில் சாவு என்றாலும், பிரசவத்துக்கு வண்டி வேண்டும் என்றாலும், கிராணி ஐயாவின் வாசலில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும். அந்தக் காலம் மலையேறிவிட்டது. இன்றைக்குப் பால் மரம் வெட்டுகிற அம்மாவின் இடுப்பிலும் ஒரு போன் இருக்கிறது. தோட்டம் துண்டாடப்பட்ட பின்பு, நம் பிள்ளைகள் ஜொகூர் பாலத்தைத் தாண்டி விடியற்காலையில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சம்பளம் வங்கியில் விழுந்ததா என்று போனில் பார்க்க வேண்டும். பணம் அனுப்ப வங்கி கொடுக்கும் ரகசிய எண் போனுக்குத்தான் வரும். நாளைக்கு எந்த ஷிப்ட் என்று சூப்பர்வைசர் சொல்வதும் போனில்தான். முன்பு கத்தியும் வாளியும் இல்லாமல் வேலைக்காட்டுக்குப் போக முடியாது. இன்று போன் இல்லாமல் போக முடியாது. ஆகவே இது ஆடம்பரச் சமாசாரம் அல்ல. நம் தொழில் கருவி.

2020ஆம் ஆண்டு ஏப்ரலில் இதை ஊரே பார்த்தது. கோவிட் பரவியபோது சிங்கப்பூரில் தங்கும் விடுதிகளில் இருந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வெளியே வர முடியாமல் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களில் நம் தமிழ்நாட்டுச் சகோதரர்கள் எத்தனையோ பேர். அம்மாவிடமும் மனைவியிடமும் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்ல அவர்களுக்கு இருந்த ஒரே வழி கையிலிருந்த போன். அந்த நேரத்தில் அரசாங்கமும் போன் நிறுவனங்களும் அவர்களுக்கு சிம் கார்டும் டேட்டாவும் கொடுத்து உதவியதை நாம் மறுக்கவில்லை. ஆபத்தில் செய்த உதவியைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஆபத்து இல்லாத சாதாரண நாளில் நடப்பது என்ன?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் ரோட்டில், தேக்கா மார்க்கெட்டுப் பக்கம், டன்லப் ஸ்திரீட்டில் நாலு பேர் கூடும் இடத்தில் காதைக் கொடுத்துப் பாருங்கள். நம்மிடம் வரும் புகார்கள் ஒரு நிறுவனத்தைப் பற்றியவை மட்டும் அல்ல. எந்தக் கம்பெனி என்பதை இங்கே எழுதுவதும் நம் நோக்கம் அல்ல. புகாரின் சாரத்தை மட்டும் சொல்கிறோம்.

"பத்து வெள்ளிக்கு டாப் அப் போட்டேன் அண்ணே, ரெண்டு நாள்ல பாதி காணோம்" என்கிறார் ஒருவர். விசாரித்தால், ஏதோ ஒரு விளம்பரத்தில் விரல் பட்டுவிட்டது. ராசிபலனோ பாட்டோ வாரா வாரம் வருகிறதாம், அதற்குக் காசாம். இன்னொரு தம்பி தினமும் பாலம் தாண்டுகிறவர். கரையோரம் நிற்கும்போது போன் தானாகவே அக்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ள, வெளிநாட்டுக் கட்டணம் என்று பில்லில் ஏறிவிட்டது. மூன்றாமவர் கதை இன்னும் வேதனை. போன் "இனாம்" என்று சொல்லி 24 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஏழாம் மாதம் முதலாளி பெர்மிட்டை ரத்துச் செய்துவிட்டார். வேலையும் இல்லை, நாட்டில் இருக்கவும் முடியாது. ஆனால் மீதி மாதத்துக்கு முறிப்புக் கட்டணம் கட்டு என்று கடிதம் வருகிறது. வேலை போனது அவர் குற்றமா?

கேட்கலாம் என்று உதவி எண்ணை அழைத்தால், இயந்திரம் பேசுகிறது. இதற்கு 1ஐ அமுக்கு, அதற்கு 2ஐ அமுக்கு. அமுக்கி அமுக்கிக் கடைசியில் பாட்டுக் கேட்டுக்கொண்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆள் வந்தால் இங்கிலீஷ். ஐந்தாம் வகுப்போடு தோட்டப் பள்ளியை விட்டவன் என்னதான் செய்வான்? "போனா போகுது" என்று கட்டிவிட்டு வந்துவிடுகிறான்.

நம் மூத்தவர்களுக்கு இது புதிதல்ல. தோட்டத்துக் கடையின் கடன் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? கடைக்காரர் எழுதியதுதான் கணக்கு. அரிசி எவ்வளவு, கருவாடு எவ்வளவு என்று நமக்கு வாசிக்கத் தெரியாது. சம்பள நாளில் கழித்தது போக மிஞ்சியதை வாங்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்புவோம். புத்தகம் போய் இன்று பில் வந்திருக்கிறது. எழுதும் கை இன்னும் ஒரே பக்கத்தில்தான் இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கடையில் நின்று ஒப்பந்தத்தை நீட்டும் பையனையோ பெண்ணையோ ஏசுவதில் பயன் இல்லை. அவர்களும் கூலிக்கு நிற்பவர்கள்தான். மாதம் இத்தனை விற்க வேண்டும் என்ற இலக்கு அவர்கள் தலைமேல் தொங்குகிறது. சிங்டெல்லுக்குச் சொந்தமான ஆஸ்திரேலிய நிறுவனமான ஆப்டஸில் நடந்ததைப் பாருங்கள். தேவையில்லாத, கட்ட வசதியில்லாத போன்களையும் ஒப்பந்தங்களையும் 400க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் தலையில் கட்டினார்கள். அவர்களில் பலர் பூர்வகுடி மக்கள், உடற்குறை உள்ளவர்கள், இங்கிலீஷ் சரியாகத் தெரியாதவர்கள். விற்பனையாளர்களுக்குக் கமிஷன் கொடுக்கும் முறையே இதைத் தூண்டிவிட்டது என்று அந்நாட்டுப் பயனீட்டாளர் ஆணையம் சுட்டிக்காட்டியது. 2025 செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றம் 100 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது. ஏழை எந்த நாட்டில் இருந்தாலும் வலை ஒன்றுதான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அதே ஆப்டஸின் சேவை 2023 நவம்பர் 8ஆம் தேதி நாடு முழுவதும் முடங்கி, சுமார் 1 கோடிப் பேர் தவித்தார்கள். அந்த மாதமே தலைமை நிர்வாகி பதவி விலகினார். 2025 செப்டம்பர் 18இல் மறுபடியும் நூற்றுக்கணக்கான அவசர அழைப்புகள் போய்ச் சேரவில்லை. அந்நேரத்தில் நேர்ந்த மரணங்கள் அந்த நாட்டையே உலுக்கின. சிங்கப்பூரிலும் 2013 அக்டோபர் 9ஆம் தேதி புக்கிட் பாஞ்சாங் தொலைபேசி நிலையத்தில் தீப்பிடித்து, 2 லட்சத்து 70 ஆயிரம் பேருக்குச் சேவை போயிற்று. பராமரிப்பு வேலையில் அனுமதியில்லாமல் ஊதுவிளக்கைப் பயன்படுத்தியதே காரணம் என்று தெரிய வந்தது. அதற்கு 6 மில்லியன் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது.

இது யாருடைய நிறுவனம்? 1882 முதல் சிங்கப்பூரில் தொலைபேசியை ஒரு பிரிட்டிஷ் தனியார் கம்பெனி நடத்தியது. 1955இல் அது பொதுத்துறை வாரியமாயிற்று. 1974இல் தொலைத்தொடர்பு ஆணையத்தோடு சேர்ந்தது. 1992இல் நிறுவனமாக்கப்பட்டு, 1993 நவம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. சலுகை விலையில் குடிமக்களுக்குப் பங்கு கொடுத்தார்கள். தோட்டத்தை விட்டுச் சிங்கப்பூரில் குடியேறிய நம் பெரியவர்களில் சிலரும் சேமநிதிக் காசில் அதை வாங்கியவர்கள்தான். இன்றும் ஏறத்தாழ பாதிப் பங்கு அரசாங்க முதலீட்டு நிறுவனமான தெமாசெக்கிடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் நம் சொந்தக்காரர்கள் பயன்படுத்தும் ஏர்டெல்லிலும் சிங்டெல்லுக்குப் பெரும் பங்கு உண்டு. தேக்காவில் நின்று மகன் பேசுவதிலும் வருமானம், தஞ்சாவூரில் தாய் எடுப்பதிலும் வருமானம்! வருமானம் வரட்டும், நமக்குப் பொறாமை இல்லை. இரண்டு முனையிலும் சம்பாதிப்பவர்களுக்கு இரண்டு முனையிலும் பொறுப்பு இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறோம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அடிப்படைத் தொலைபேசிச் சேவையில் 2007 வரை சிங்டெல்லுக்குத் தனியுரிமை உண்டு என்று அரசாங்கம் முதலில் சொல்லியிருந்தது. பிறகு அதை 2000க்குக் குறைத்தது. சொன்ன சொல்லை மாற்றியதற்காக 1.5 பில்லியன் வெள்ளி ஈடு கொடுத்தது. அப்புறம், 2002க்கு என்று வைத்திருந்த முழுப் போட்டியையும் முன்னால் இழுத்து, 2000 ஏப்ரல் 1ஆம் தேதியே சந்தையை முழுமையாகத் திறந்துவிட்டது. அதற்கு மேலும் 859 மில்லியன் வெள்ளி. இதை நாம் குறை சொல்லவில்லை. ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம். ஒரு பக்கம் மாற்றினால் மறு பக்கத்துக்கு ஈடு கொடுப்பதுதான் முறை.

நாம் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த முறை பாட்டாளிக்கு ஏன் இல்லை? மாதம் முழுவதும் சேவை தருவேன் என்று காசு வாங்கியவர்கள் ஒரு நாள் தராவிட்டால், அந்த நாளுக்கான ஈட்டை நாம் கேட்காமலே கணக்கில் வரவு வைக்க வேண்டாமா? சில சமயம் நிறுவனங்கள் தாமாகவே ஏதாவது இலவசம் தருவது உண்டு. அது தயவு. தயவு வேறு, உரிமை வேறு. தீபாவளிக்குத் துரை கொடுத்த இனாமுக்கும், சங்கம் பேசி வாங்கிய போனசுக்கும் உள்ள வித்தியாசத்தை நம் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. சேவை தடைப்பட்டால் ஈடு தானாக வர வேண்டும். தன் குற்றம் இல்லாமல் பெர்மிட்டை இழந்தவரிடம் முறிப்புக் கட்டணம் வாங்கக் கூடாது. கூடுதல் சேவை எதுவும் தெளிவான சம்மதம் இல்லாமல் ஏறக் கூடாது. தமிழ் சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. ஒப்பந்தத்தின் சுருக்கத்தையாவது தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். இவை மலையைப் பெயர்க்கும் காரியங்கள் அல்ல.

இவை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாமா? கூடாது. பில்லையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். அழைத்த தேதி, நேரம், பேசியவர் பெயர் மூன்றையும் எழுதி வையுங்கள். முதலில் நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். அங்கே தீராவிட்டால், 2022இல் தொலைத்தொடர்புப் புகார்களுக்காகவே சமரசத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டிருக்கிறது. சிங்கப்பூர் சமரச நிலையம் அதை நடத்துகிறது. நீங்கள் அழைத்தால் நிறுவனம் வர மாட்டேன் என்று சொல்ல முடியாது. சிறு கோரிக்கை நடுவர் மன்றமும் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையுள்ள வழக்குகளைக் கேட்கும். அங்கே வக்கீல் வைக்க முடியாது என்பதால், கம்பெனியும் நாமும் சரிசமமாக நின்று பேசலாம். 2008 முதல் எண்ணை மாற்றாமலே வேறு நிறுவனத்துக்குப் போகும் வசதியும் இருக்கிறது. இன்னொரு எச்சரிக்கை: ஊருக்குப் போகும்போது உங்கள் பெயரில் உள்ள சிம் கார்டை யாருக்கும் விற்காதீர்கள். 2025 ஜனவரி முதல் அதைத் தவறாகப் பயன்படுத்த விடுவது சிறைக்கே கொண்டுபோகும் குற்றம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாகப் போகாதீர்கள். 1954இல் சிதறிக் கிடந்த சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று; தோட்ட முதலாளிமார் அதனோடு மேசையில் உட்கார்ந்து சம்பளம் பேசினார்கள். சங்கங்கள் வருவதற்கு முன் துரை சொன்னதே சம்பளம். போன் ஒப்பந்தத்தில் நாம் இன்னும் அந்தப் பழைய காலத்தில்தான் நிற்கிறோம்: அவர்கள் எழுதுகிறார்கள், நாம் ஒவ்வொருவராகப் போய்க் கையெழுத்துப் போடுகிறோம். ஒருவன் ஐந்து வெள்ளிக்குப் புகார் கொடுத்தால் அது குப்பைக்குப் போகும். ஒரே மாதிரியான ஐந்து வெள்ளிப் புகாரை ஐந்நூறு பேர் ஒரே கட்டாகக் கொண்டுபோய் வைத்தால், அதைத் தள்ளிவிட எந்த மேலாளருக்கும் துணிச்சல் வராது. பில்லை எடுத்துக்கொண்டு அந்தந்த வட்டாரச் சங்கக் கிளைக்கு வாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வாசித்துச் சொல்ல நம் பிள்ளைகள் இருக்கிறார்கள்.