ஒட்டகத்தின் தலையும் சி.டி. படமும்

மதகாலத்தில் ஆண் ஒட்டகங்கள் ஒன்றையொன்று கடித்துத் தாடையை முறித்துக்கொள்வது ராஜஸ்தானத்தில் புதிதன்று. தாடை முறிந்த பிராணி மேய இயலாது மெலியும். சாதாரண எக்ஸ்ரே படத்தில் தலையெலும்புகள் ஒன்றன்மேலொன்றாய்ப் படிந்து தோன்றும். 1971-இல் மனிதருக்கு முதன்முதல் கையாளப்பட்ட சி.டி. முறையோ, தலையை அடுக்கடுக்காகக் காட்டி முறிவின் போக்கைத் தெளிவாக்கும். வெளிமூச்சின் ஈரத்தை மீட்கும் மூக்கெலும்புச் சுருள்களையும் காட்டும்.

கருவியின் விலை அதிகம், பிராணியை மயக்கவும் வேண்டும் என்பர் சிலர். உண்மையே. ஆயினும் நோயற்ற தலையின் படத்தொகுதியை இறந்த ஒட்டகங்களைக் கொண்டே அமைக்கலாம். கருவியில்லாத ஊரின் மிருக வைத்தியருக்கும் அது வழிகாட்டும். 2012-இல் சுமார் 4 லட்சமாயிருந்த இந்திய ஒட்டகங்கள் 2019-இல் 2.5 லட்சமாய்க் குறைந்தன. எஞ்சியவற்றைக் காக்க, இத்தகைய தொகுதி மிருக வைத்தியக் கலாசாலைதோறும் இருத்தல் அவசியம்.