திருப்பி அனுப்பப்பட்ட சிறுவர்கள்

நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து மதரஸா மீண்டும் தொடங்கிய நாள் அது. மாலை வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் ஐந்தாறு பேர் பெருநாள் காசில் வாங்கிய பொம்மைத் துப்பாக்கிகளைப் பைக்குள் மறைத்துக் கொண்டுவந்திருந்தனர். பாடம் முடிந்ததும் முற்றத்தில் போர் மூண்டது. பிள்ளைகள் இரு படைகளாகப் பிரிந்து ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்தினர். ஒன்பது வயதுப் பிள்ளை ஒருவன் மட்டும் எந்தப் படையிலும் சேராமல் என் அருகே வந்து நின்றான்.

"நீ விளையாடப் போகவில்லையா?" என்று கேட்டேன்.

"எனக்குச் சுடுவது பிடிக்காது ஹஸ்ரத். ஆனால் ஒரு பக்கம் சேராவிட்டால் ரெண்டு பக்கமும் என்னைத்தான் சுடுவாங்க" என்றான்.

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளையாட்டில் அப்பிள்ளை கூறிய சொல்லை, உயிரோடு விளையாடும் இடங்களில் எத்தனை பிள்ளைகள் தம் மனத்துக்குள் கூறிக்கொண்டிருப்பார்கள்! ஆயுதத்தை வெறுக்கும் பிள்ளையும் ஆயுதங்களுக்கு நடுவே வாழவேண்டி வந்தால் அதைக் கையில் எடுத்தே தீரவேண்டிய நிலை வந்துவிடுகிறது. இம்மாதம் அப்பிள்ளைகளைப் பற்றிச் சிந்திப்போம்.

நம் புதுவை நகரத்தாருக்குப் போர்வீரன் என்பவன் அயலான் அல்லன். கடற்கரைச் சாலையில் நாள்தோறும் நாம் கடந்து செல்லும் வெண்ணிற நினைவுச் சின்னம், முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்நீத்த இம்மண்ணின் மக்களுக்காக எழுப்பப்பட்டு 1938ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றித் திரும்பியவர்களைச் 'சொல்தா' என்றே நம் தெருக்களில் அழைத்து வந்தோம். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் அத்தகைய முதியவர் ஒருவர் இருந்தார். இந்தோசீனப் போரைக் கண்டவர். பதக்கங்களை அணிந்து ஜூலை 14ஆம் நாள் விழாவுக்குத் தவறாமல் செல்வார். ஆனால் பேரப்பிள்ளைகள் குச்சியைத் துப்பாக்கிபோல் பிடித்தால்கூட அதைப் பிடுங்கி முறித்துப் போட்டுவிடுவார். காரணம் கேட்டால் கூறமாட்டார். வளர்ந்த ஆளாகத் தாமே விரும்பிப் படையில் சேர்ந்து, ஊதியமும் ஓய்வூதியமும் பெற்றவரின் நிலையே அது. விருப்பமும் அறியாத, வயதும் வராத பிள்ளையின் நிலை என்னவாக இருக்கும்?

அதை அறிய நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. கடலுக்கு அப்பால் இலங்கையில் நம் மொழி பேசும் பிள்ளைகளுக்கே அது நேர்ந்தது. விடுதலைப் புலிகள் இயக்கம் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் படையில் சேர்த்தது. 1998ஆம் ஆண்டு மே மாதம் ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்புப் பிரதிநிதி ஒலாரா ஒட்டுன்னு அங்குச் சென்றபோது, பதினேழு வயதுக்குக் குறைந்தோரைச் சேர்ப்பதில்லை, பதினெட்டுக்குக் குறைந்தோரைப் போரில் இறக்குவதில்லை என்று அவ்வியக்கம் வாக்களித்தது. அவ்வாக்கு காக்கப்படவில்லை. 2004ஆம் ஆண்டு கிழக்கில் பிரிந்து சென்ற கருணா அணியும் பின்னர்ப் பிள்ளைகளைக் கடத்திற்று. போரின் இறுதிக் காலத்தில் வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று வற்புறுத்திப் பிடித்தார்கள். பெற்றோர் பிள்ளைகளைப் பதுங்கு குழிகளில் ஒளித்து வைத்தார்கள். மணமானவர்களை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் பள்ளி செல்லும் பருவத்திலேயே அவசர அவசரமாகத் திருமணம் முடித்து வைத்தார்கள்.

ஷோபாசக்தி என்னும் எழுத்தாளர் பதின்ம வயதிலேயே அவ்வியக்கத்தில் சேர்ந்து, பின்னர் அதைவிட்டு விலகிப் பிரான்சில் அடைக்கலம் பெற்றவர். 2001ஆம் ஆண்டு அவர் எழுதிய 'கொரில்லா' என்ற நாவலில் ராக்கிராஜ் என்றொரு சிறுவன் வருகிறான். 'கொரில்லா' என்பது ஊரையே மிரட்டும் அவன் தந்தையின் பட்டப்பெயர். தந்தையின் முரட்டுத்தனத்திலிருந்து தப்பியோடும் சிறுவன் இயக்கத்தில் சென்று சேர்கிறான். வீட்டுக்குள் ஓங்கிய கைக்கு அஞ்சி ஓடியவன், அதனினும் பெரிய கையின் நிழலில் போய் ஒதுங்குகிறான். அங்கும் அந்தப் பட்டப்பெயர் அவனைவிட்டு நீங்கவில்லை. பிள்ளைகள் போர்க்களத்துக்குச் செல்லும் வழிகளுள் ஒன்று வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது என்பதை இக்கதையைப் படிக்கும் தகப்பன்மார் உணரவேண்டும்.

பிரெஞ்சு அறிந்த நம் இல்லங்களுக்கு மற்றொரு நூலையும் நினைவூட்டுகிறேன். மேற்கு ஆப்பிரிக்க எழுத்தாளர் அஹமது குரூமா 2000ஆம் ஆண்டு வெளியிட்ட நாவலின் தலைப்பு 'அல்லாஹ்வுக்குக் கட்டாயமில்லை' என்று பொருள்படும். கேட்டவுடன் நெஞ்சம் துணுக்குறும் தலைப்புத்தான். பெற்றோரை இழந்து, சிறிய தாயைத் தேடி லைபீரியாவுக்குப் புறப்பட்டு, வழியில் சிறுவர் படையில் சிக்கிக்கொண்ட பிராஹிமா என்ற சிறுவனின் கதை அது. பாதியில் படிப்பை விட்ட அப்பிள்ளை, தன் துயரத்தைச் சொல்லச் சொற்கள் போதாமல் அகராதிகளைத் துணைக்கு வைத்துக்கொள்கிறான். சோமாலியப் போரின் துயரை அறிந்த ஜிபூட்டி நாட்டுப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டதற்கு இணங்கவே அந்நூலை எழுதியதாக ஆசிரியர் காணிக்கை உரையில் தெரிவித்துள்ளார். வல்ல இறைவனைக் கட்டாயப்படுத்த எவராலும் இயலாது என்பது நம் ஈமான். ஆனால் மனிதனுக்குக் கட்டாயம் உண்டு. அநாதையைக் காப்பது அவன் மீது கட்டாயம். எளியவனை நசுக்காமல் இருப்பது அவன் மீது கட்டாயம். அக்கடமையை மனிதர்கள் கைவிட்ட இடத்தில் நின்றுதான் அப்பிள்ளை அவ்வாறு பேசுகிறான்.

இங்கே வாசகர் சிலருக்கு உள்ளம் கனப்பதை நான் அறிவேன். "ஹஸ்ரத், புலிகளின் பிள்ளைகளுக்காக நாம் ஏன் கண்ணீர் சிந்த வேண்டும்? 1990ஐ மறந்துவிட்டீரா?" என்று அவர்கள் கேட்கக்கூடும்.

மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் இரவு, காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் இருந்தோரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். பலியானோர் நூற்றுக்கும் மேற்பட்டோர். அவர்களுள் சிறுவர்களும் இருந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் அனைவரும் விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். தலைமுறைகளாக வாழ்ந்த வீட்டின் சாவியைக்கூட ஒப்படைத்துவிட்டுப் புத்தளம் நோக்கி நடந்த அம்மக்களின் கண்ணீர் இன்னும் உலரவில்லை. அக்கொடுமையைச் செய்தவர்களும், செய்யுமாறு ஏவியவர்களும் அல்லாஹ்வின் முன் பதில் கூறியே ஆகவேண்டும்.

ஆயினும், யார் பதில் கூறவேண்டும் என்பதையும் நம் மார்க்கமே வரையறுத்திருக்கிறது. மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது நபிமொழியின் கருத்து: உறங்குபவர் விழிக்கும் வரை, சித்தம் கலங்கியவர் தெளியும் வரை, சிறுவர் பருவமடையும் வரை. சிறுவனின் குற்றத்தை வானவர்களே ஏட்டில் எழுதாதிருக்கும்போது, நாம் எழுதி வைப்பது முறையாகுமா? அவன் கையில் இருந்த துப்பாக்கியின் கணக்கு எங்கும் போய்விடாது. அதை அவன் கையில் கொடுத்தவனின் ஏட்டில் அது இருமடங்காக நிற்கும்: கொல்லப்பட்டவனுக்காக ஒன்று, கொல்ல வைக்கப்பட்ட பிள்ளைக்காக மற்றொன்று. இவ்வாறு எண்ணுவதால் காத்தான்குடித் தாய்க்குரிய நீதி சிறிதும் குறைந்துவிடாது. குற்றவாளி யார் என்பது தெளிவாகும், அவ்வளவே.

இனி நம் பெருமானார் (ஸல்) அவர்களின் நடைமுறையைப் பார்ப்போம். மதீனா நகரின் மீது மக்காவின் படை திரண்டு வருகிறது. முஸ்லிம்களோ எண்ணிக்கையில் குறைந்தவர்கள். ஓர் ஆள் கூடினாலும் பயன்படும் நேரம். உஹதுக் களத்துக்குச் செல்லும் வழியில் படையைப் பார்வையிட்ட அண்ணலார், ஆவலோடு வந்து நின்ற சிறுவர்களைத் தனியே பிரித்துத் திருப்பி அனுப்பினார்கள். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு அப்போது வயது பதினான்கு. அனுமதி கிடைக்கவில்லை. பின்னர் அகழ்ப் போரின்போது அவர்களுக்கு வயது பதினைந்து. அப்போதுதான் அனுமதி கிடைத்தது. இதைப் புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்கள் பதிவு செய்துள்ளன.

பின்னாளில் கலீஃபாவாக இருந்த உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களிடம் நாஃபிஉ (ரஹ்) இச்செய்தியைக் கூறியபோது, சிறியவருக்கும் பெரியவருக்கும் இடையிலான எல்லை இதுவே என்று தீர்மானித்து, அதன்படி நடக்குமாறு தம் ஆளுநர்களுக்கு எழுதினார்கள். குழந்தையைப் போரிலிருந்து விலக்கும் எல்லை ஒன்று அரசாணையாகவே அக்காலத்தில் எழுதப்பட்டுவிட்டது. உலக நாடுகள் 1989ஆம் ஆண்டு குழந்தை உரிமை உடன்படிக்கையில் வைத்த எல்லையும் பதினைந்தாகவே இருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம் ஏற்கப்பட்டு 2002 பிப்ரவரி 12 முதல் நடைமுறைக்கு வந்த விருப்ப நெறிமுறை, போரில் நேரடியாக ஈடுபடும் வயதைப் பதினெட்டாக உயர்த்திற்று. பிள்ளைகளை இன்னும் சில ஆண்டுகள் காக்கும் ஏற்பாடு எதுவாயினும் அது நாம் மனமுவந்து வரவேற்க வேண்டியதே.

உஹதிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களுள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) என்ற சிறுவரும் ஒருவர் என வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். அச்சிறுவர் பின்னர் என்ன ஆனார்? அண்ணலாரின் வஹீ எழுத்தர்களுள் ஒருவரானார். அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில் திருக்குர்ஆனை ஒன்றுதிரட்டும் மாபெரும் பொறுப்பு அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் பிரதிகள் எடுக்கும் பணியிலும் அவரே முன்னின்றார். இப்னு உமர் (ரலி) அவர்களோ ஆயிரக்கணக்கான நபிமொழிகளை நமக்கு அறிவித்தார்கள். அன்று ஒரு வாள் குறைந்தாலும் பரவாயில்லை என்று அண்ணலார் அப்பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்று நம் கைகளில் உள்ள குர்ஆனில் அப்பிள்ளையின் உழைப்பு இருக்கிறது.

இத்தகைய முன்மாதிரியைப் பெற்ற சமுதாயத்திலும், மார்க்கத்தின் பெயரைச் சூடிக்கொண்டு பிள்ளைகளிடம் ஆயுதம் கொடுத்தவர்கள் உண்டு. நைஜீரியாவில் போகோ ஹராம் கூட்டம் சிறுமியரின் உடலில் வெடிகுண்டைக் கட்டி அனுப்பியது. ஈராக்கிலும் சிரியாவிலும் ஐ.எஸ். கூட்டம் சிறுவர்களுக்குக் கொலைப் பயிற்சி அளித்தது. பிறர் செய்ததைக் கொடுமை என்று கூறும் நாவு, இவற்றைக் கூறும்போது மட்டும் தடுமாறலாகாது. உஹதில் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிய தூதருக்கும் இவர்களுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

பிள்ளையிடமிருந்து ஆயுதத்தை வாங்கிவிட்டால் பணி முடிந்துவிடாது. 2009ஆம் ஆண்டு இலங்கைப் போர் முடிந்தபின், புலிகளின் படையில் இருந்த 594 சிறுவர் சிறுமியர் மறுவாழ்வுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, மறு ஆண்டுக்குள் குடும்பத்தாரிடம் அனுப்பப்பட்டனர். அவர்களில் பலர் கொழும்புக்கு அருகே இரத்மலானை இந்துக் கல்லூரியில் மீண்டும் பாட நூல்களைக் கையில் எடுத்தார்கள். துப்பாக்கியை இறக்கிய கையில் எழுதுகோலை ஏந்தும்போது அப்பிள்ளையின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! நம் நகருக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கை அகதிகளின் முகாம் இருக்கிறது. போருக்கு அஞ்சித் தம் பிள்ளைகளைக் காப்பாற்றிக் கொண்டுவந்த பெற்றோர் அங்கு வாழ்ந்தார்கள். ஏட்டுக் கணக்கில் அவர்கள் அகதிகள். என் கணக்கில், பிள்ளையைக் களத்திலிருந்து திருப்பி அழைத்து வந்தவர்கள்.

நம் வீடுகளில் நாம் செய்யத்தக்கது என்ன? பொம்மைத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்த பெற்றோரை நான் பழிக்கவில்லை. விளையாடிய பிள்ளைகள் எல்லாரும் கொலைஞர் ஆகிவிடுவதும் இல்லை. ஆனால் செல்பேசி விளையாட்டில் எத்தனை பேரைக் கொன்றோம் என்று பிள்ளை எண்ணிச் சொல்லும்போது, அதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். 'சுடப் பிடிக்காது' என்று ஒதுங்கும் பிள்ளையைக் கோழை என்று ஏசாதீர்கள். தெருவில் பெரியவர்களுக்குள் மூளும் பகையில் பிள்ளைகளை முன்னால் நிறுத்தாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக்குள் ஓங்கும் கையைத் தாழ்த்துங்கள். வீட்டைவிட்டு ஓடும் பிள்ளைக்காக வெளியே எந்தப் படை காத்திருக்கிறதோ, யார் அறிவார்?

அன்று மாலை முற்றத்தில் இருந்த பிள்ளைகள் அனைவரையும் அழைத்து உட்காரவைத்து, ஸைத் (ரலி) அவர்களின் வரலாற்றைக் கூறினேன். என் அருகில் இருந்த அந்தப் பிள்ளை கேட்டான்: "அப்போ, போருக்குப் போகாம திரும்பி வந்தாங்களே, அவங்களை யாரும் கோழைன்னு சொல்லலையா ஹஸ்ரத்?"

"இல்லை மகனே. அவர்களைத் திருப்பி அனுப்பியவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்" என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. மறுநாள் பைகளில் எத்தனை துப்பாக்கிகள் வந்தன என்று நான் சோதிக்கவில்லை. ஆனால் அன்று எந்தப் படையிலும் சேராத பிள்ளைகள் இருவராகியிருந்தனர். அவர்களை யாரும் சுடவும் இல்லை.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளையும், உலகெங்கும் ஆயுதங்களுக்கு நடுவே உறங்கும் எல்லாப் பிள்ளைகளையும் பாதுகாத்து, அவர்களை அவர்தம் தாயாரின் மடியில் சேர்ப்பானாக! ஆமீன்.