அலங்காரம் செலவா, சரக்கா?

நமது வியாபாரிகளில் அநேகர் அலங்காரத்தைச் செலவுக் கணக்கில்தான் எழுதுகிறார்கள். பெருநாளுக்கு முந்திய வாரம் நாலு வரிசை மின்குமிழ், வாசலில் ஒரு பலூன் வளைவு. முடிந்ததும் எல்லாவற்றையும் உருட்டிச் சாக்கில் போட்டு மேல்தட்டில் எறிந்துவிடுவது. அடுத்த வருடம் சாக்கை அவிழ்த்தால் பாதி எரியாது, மீதி ஒரே சிக்கு. மறுபடியும் புதிதாகக் கொள்முதல். "ஊருக்காகச் செய்கிறோம், எல்லாம் வீண்செலவு" என்பார் முதலாளி. இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஏனென்றால் அலங்காரத்தையே சரக்காக விற்கிற ஒரு தொழில் உலகத்தில் இருக்கிறது. அமெரிக்கா, ஐரோப்பா, யப்பான் நாடுகளிலுள்ள பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் நத்தார் காலத்தில் செய்வது அதைத்தான். மார்க்க விடயத்தை உலமாக்கள் பேசட்டும். நான் இங்கே பார்ப்பது ஐந்தொகைக் கணக்கை மட்டும்.

டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகர் நடுவே டிவோலி என்றொரு பூங்கா உண்டு. 1843இல் திறந்தது. சுமார் 150 வருடங்கள் அது கோடைகால வியாபாரமாகவே நடந்தது. குளிர் வந்தால் வாசலுக்குப் பூட்டு. பூட்டிய கடைக்கும் செலவு உண்டு என்பது நமக்குத் தெரியும். காவலுக்கு ஆள் வேண்டும், பராமரிப்பு வேண்டும், போட்ட முதல் சும்மா கிடக்கும். 1994இல் அவர்கள் நத்தாருக்கென்று வாசலைத் திறந்தார்கள். அதற்காகப் புதிய காணி வாங்கவில்லை. இருந்த மரங்களில் விளக்கு, இருந்த பாதைகளில் சிறு மரக்கடைகள், சூடான பானம், தின்பண்டம். டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும் ஊர் அது. அப்படிப்பட்ட ஊரில் வெளிச்சத்துக்கு விலை இருக்கிறது. நெதர்லாந்தின் எஃப்டெலிங் 1999இலும், சுவீடனின் லிசெபேரி 2000இலும் இதே வழிக்கு வந்தன.

ஐரோப்பாக்காரன் பூட்டிக் கிடந்த மாதத்தைத் திறந்தான் என்றால், அமெரிக்காவில் டிஸ்னிக்காரர்கள் பழைய சரக்கைத் திரும்ப விற்கப் படித்தார்கள். கலிபோர்னியாவின் டிஸ்னிலாண்டில் 1969இல் திறந்த பேய்வீடு ஒன்று உண்டு. வழமையாக வருகிறவர்களுக்கு அது மனப்பாடம். 2001இல் அந்த வீட்டுக்கே நத்தார் வேடம் போட்டார்கள். அதே தண்டவாளம், அதே இருக்கைகள், அதே ஊழியர்கள். மாறியது பொம்மைகளும் விளக்கும் இசையும்தான். கதையைக்கூட வெளியில் வாங்கவில்லை. 1993இல் தங்கள் கம்பனி வெளியிட்ட 'த நைட்மெயார் பிஃபோர் கிறிஸ்மஸ்' படத்தை எடுத்துக்கொண்டார்கள். ஹலோவீன் ஊரின் ராஜா நத்தார் பண்டிகையைத் தன் கைக்குள் எடுக்கப் பார்க்கிற கதை அது. ஒக்டோபர் 31ஆம் திகதி வரும் ஹலோவீனுக்கும் பொருந்தும், டிசம்பர் 25க்கும் பொருந்தும். ஆகவே ஹலோவீனுக்கு முன்பே மாட்டிய சோடனை ஜனவரி ஆரம்பம் வரை உழைக்கிறது. ஒரு கொள்முதல், இரண்டு சீசன். மாட்டவும் கழற்றவும் அந்த வீட்டைச் சில நாட்கள் மூடத்தான் வேண்டும். அந்த நட்டத்தைத் தெரிந்துதான் ஏற்கிறார்கள். 1997இலிருந்து அங்கே படகில் போய்ப் பார்க்கும் 'இட்ஸ் எ ஸ்மோல் வேர்ல்ட்' காட்சிக்கும் இப்படியே வேடம் மாற்றுகிறார்கள்.

சாக்கில் சிக்கெடுக்கும் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அடுத்த வருடமும் மாட்டப்போகிற பொருள் என்றால் அதற்கு இலக்கம் உண்டு, பெட்டி உண்டு, களஞ்சியத்தில் இடம் உண்டு. பழுது பார்ப்பது ஆறுதலான மாதத்தில். ஒரு வருடத்துக்குள் எறிந்துவிடும் பொருளுக்கும் பத்து வருடம் உழைக்கும் பொருளுக்கும் ஒரே கணக்கு எழுதினால், இரண்டும் வீண்செலவாகத்தான் தெரியும்.

எனக்கு முழுச் சம்மதமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புளோரிடாவில் டிஸ்னியின் மெஜிக் கிங்டம் பூங்கா 1983இல் நத்தார் விருந்து இரவு ஒன்றைத் தொடங்கியது. இப்போது நவம்பர், டிசம்பர் மாதங்களில் இருபதுக்கு மேற்பட்ட இரவுகள் நடக்கின்றன. அந்த நாட்களில் பகல் டிக்கட் வாங்கியவர் மாலை ஆறு மணியோடு வெளியேற வேண்டும். ஏழு மணியிலிருந்து நள்ளிரவு வரை வேறு டிக்கட். 2023இல் அதன் விலை 159 டொலரிலிருந்து 199 டொலர் வரை. ஊர்வலம், வாணவேடிக்கை, இலவசமாக பிஸ்கட்டும் சூடான கொக்கோவும். வீதியில் 'பனி'யும் கொட்டும். புளோரிடாவில் ஏது பனி? அது சவர்க்கார நுரை! ஒரே கடையை ஒரே நாளில் இரண்டு தடவை விற்கும் கெட்டித்தனத்தை மறுக்க முடியாது. அந்த இரவுகளில் கூட்டம் குறைவு, வரிசை குறைவு, அதற்காக மக்கள் விரும்பிக் காசு கொடுக்கிறார்கள் என்பதும் நியாயமே. ஆனால் தூர தேசத்திலிருந்து பிள்ளைகளோடு வந்தவர், சோடித்த விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில் வாசலுக்கு வெளியே நிற்கிறார். திகதியும் நேரமும் முன்கூட்டியே அறிவித்துவிட்டோம் என்று கம்பனி சொல்லலாம். சட்டப்படி சரி. அந்த வாடிக்கையாளர் ஊருக்குப் போய் என்ன சொல்வார் என்று ஒரு சில்லறை வியாபாரி நிச்சயம் யோசிப்பான்.

யப்பான் கதை நமக்கு இன்னும் கிட்டியது. 1983இல் திறந்த டோக்கியோ டிஸ்னிலாண்ட், ஒரியன்டல் லேண்ட் என்ற யப்பானியக் கம்பனிக்குச் சொந்தம். டிஸ்னிக்குப் போவது உரிமக் கட்டணம். அந்த நாட்டில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். நத்தார் அங்கே பொது விடுமுறையும் அல்ல. ஆனாலும் நவம்பரிலிருந்து பூங்கா முழுக்க நத்தார் மரமும் நத்தார் சாமானும்தான். சோளப்பொரி வாளிகூட அந்தச் சீசனுக்கென்று தனியாக வரும். புறக்கோட்டையில் நத்தார் மரமும் வெசாக் கூடும் விற்கும் நம்மவர்களுக்கு இதில் புதினம் ஒன்றுமில்லை. நான் மெச்சுவது அவர்கள் முடிக்கும் விதத்தை. டிசம்பர் 25ஆம் திகதியோடு நத்தார் நிகழ்ச்சி முடிந்தது. ஜனவரி முதலாம் திகதி வருகிறவருக்கு மூங்கிலும் பைன் கிளையும் வைத்த யப்பானியப் புத்தாண்டுச் சோடனை. நாளை கிடைக்காது என்று தெரிந்தால்தான் வாங்குகிறவன் இன்று பையைத் திறப்பான். மாசி மாதத்திலும் தூசு படிந்த நட்சத்திரம் தொங்கும் கடைகள் இங்கே எத்தனை!

விளக்கு எங்கே எரிகிறது என்பதும் கணக்கில் சேரும். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஜெனிங்ஸ் ஒஸ்போர்ன் என்ற தொழிலதிபர், மகள் கேட்டாள் என்பதற்காக 1986இல் தன் வீட்டுக்கு நத்தார் விளக்குப் போட்டார். வருடா வருடம் கூடி அது முப்பது இலட்சம் குமிழ்களைத் தொட்டது. பார்க்க வந்த வாகனங்களால் அந்த வீதியில் குடியிருந்தவர்களுக்குத் தங்கள் வீட்டுக்குப் போக வழியில்லை. அயலவர்கள் வழக்குப் போட்டார்கள், மாநில உயர்நீதிமன்றம் வரை போய் வென்றார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் என்பேன். நடைபாதையை மறித்துப் பந்தல் போடும் நம் கடைக்காரர்களும் அயல் கடைக்காரனின் முகத்தை ஒருதரம் பார்க்கலாம்.

வழக்கில் தோற்ற அந்த விளக்குகளை 1995இல் டிஸ்னி புளோரிடாவுக்குக் கொண்டுபோனது. வாகனத் தரிப்பிடம், அகன்ற வழி, காவல் எல்லாம் உள்ள இடம் அது. ஊருக்குத் தொல்லையாக இருந்த அதே குமிழ்கள் அங்கே இருபது வருடம் கூட்டத்தை இழுத்தன. பின்பு குமிழ்களின் தொகை ஐம்பது இலட்சமாயிற்று. 2016 ஜனவரியில் அதை நிறுத்தியபோது வருந்தியவர்கள் ஏராளம். காரணம் எளிது. அந்த விளக்குகள் வருடத்தில் சுமார் இரண்டு மாதம்தான் எரிந்தன. அவை தொங்கிய வீதியை இடித்துவிட்டு, அந்தப் பகுதியில் 2019இல் 'ஸ்டார் வோர்ஸ்' பகுதியைத் திறந்தார்கள். அதற்குப் பன்னிரண்டு மாதமும் கூட்டம்.