இரண்டு விசாரணைகளிலும் இருந்தவர்

விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண் யார் என்று கேட்டால், நம் பொது அறிவுப் புத்தகங்கள் சாலி ரைடு என்ற பெயரையும் 1983 ஜூன் 18 என்ற தேதியையும் சொல்லி முடித்துக்கொள்கின்றன. தகவலில் பிழையில்லை. ஆனால் உலக அளவில் அவர் மூன்றாவது பெண். சோவியத் ஒன்றியத்தின் வாலன்டினா தெரஷ்கோவா 1963-லும், ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா 1982-லும் அவருக்கு முன்பே போய்த் திரும்பிவிட்டார்கள். வரிசை எண்ணை வைத்துத்தான் ஒருவரை நினைவில் கொள்வோம் என்றால் சாலிக்குக் கிடைப்பது மூன்றாம் இடம். அவருக்கு உரிய இடம் அதைவிட மிகப் பெரியது என்பதே என் வாதம். ‘சேலஞ்சர்’, ‘கொலம்பியா’ ஆகிய இரண்டு விண்வெளி ஓடங்கள் சிதறி 14 பேர் உயிரிழந்தார்கள். அந்த இரண்டு விபத்துகளையும் விசாரித்த இரண்டு குழுக்களிலும் உறுப்பினராக இருந்த ஒரே மனிதர் சாலி ரைடு. இரண்டு பயணங்களில் அவர் விண்வெளியில் கழித்த நேரம் ஏறக்குறைய 343 மணி. அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய வேலையைத் தரையில், விசாரணை மேசைக்கு முன்னால் உட்கார்ந்துதான் செய்தார்.

1986 ஜனவரி 28 காலை புளோரிடாவில் வழக்கத்துக்கு மாறான குளிர். ஏவும் நேரத்தில் வெப்பநிலை சுமார் 2 டிகிரி செல்சியஸ். கிளம்பிய 73-வது விநாடியில் சேலஞ்சர் வானில் சிதறியது. சாலி தன் இரண்டு பயணங்களிலும் ஏறிப் போனது இதே சேலஞ்சரில்தான். இறந்த ஏழு பேரில் டிக் ஸ்கோபி, ஜூடித் ரெஸ்னிக், ரொனால்டு மெக்நேர், எலிசன் ஒனிசுகா ஆகிய நால்வர் 1978-ல் அவரோடு சேர்ந்து விண்வெளி வீரர்களாகத் தேர்வான சகாக்கள். முன்னாள் வெளியுறவுச் செயலர் வில்லியம் ராஜர்ஸ் தலைமையில் அமைந்த விசாரணை ஆணையத்தில் நீல் ஆம்ஸ்ட்ராங், இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபெயின்மன் போன்றவர்களுடன் சாலியும் நியமிக்கப்பட்டார். அதில் இருந்த ஒரே பெண்ணும் அவர்தான். தனக்குச் சம்பளம் கொடுக்கும் நாசாவையே, செத்துப்போன தன் நண்பர்களுக்காகக் குறுக்கு விசாரணை செய்யவேண்டிய இடம் அது.

ஓடத்தின் இரு பக்கமும் இருக்கும் திட எரிபொருள் ராக்கெட்டுகள் துண்டு துண்டாகச் செய்து பொருத்தப்படுபவை. இரு துண்டுகள் சேரும் இடத்தில் எரியும் வாயு கசியாமல் தடுப்பது ‘ஓ-ரிங்’ எனப்படும் ரப்பர் வளையம். நம் வீட்டுக் குக்கரில் காஸ்கெட் செய்கிற வேலையை அது அங்கே செய்கிறது. காஸ்கெட் விறைத்துப்போனால் ஆவி எப்படிப் பீறிடும் என்பது சமையல்கட்டில் நிற்கிற எவருக்கும் தெரியும். குளிரில் இந்த வளையம் விறைத்துப்போகும் என்பது சோதனைகளில் முன்பே பதிவாகியிருந்தது. ஒரு நாள் ஆணையத்தின் மற்றொரு உறுப்பினரான விமானப்படை ஜெனரல் டொனால்டு குட்டைனாவுடன் நடைவழியில் போய்க்கொண்டிருந்த சாலி, தன் குறிப்பேட்டைத் திறந்து ஒரு தாளை எடுத்து, எதுவும் பேசாமல் அவர் கையில் கொடுத்தார். அதில் இருந்தவை எண்களின் இரண்டு வரிசைகள்: ஒன்றில் வெப்பநிலை, மற்றொன்றில் அந்த வெப்பநிலையில் வளையம் எவ்வளவு மீண்டு எழும் என்ற அளவு.

தாளை அப்படியே வெளியிட்டிருந்தால் அதைக் கொடுத்தது யார் என்ற தேடல் தொடங்கியிருக்கும். எனவே குட்டைனா ஃபெயின்மனைத் தன் வீட்டுக்கு அழைத்து, பழுது பார்த்துக்கொண்டிருந்த காரின் கார்புரேட்டரைக் காட்டி, குளிர் வந்தால் இதிலுள்ள வளையங்கள் கசிகின்றன என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தார். ஃபெயின்மனுக்கு அது போதுமானதாக இருந்தது. பிப்ரவரி 11 அன்று, தொலைக்காட்சி கேமராக்கள் முன்னிலையில், அந்த ரப்பரின் ஒரு துண்டை இடுக்கியில் இறுக்கி, குளிர்ந்த நீர் இருந்த கண்ணாடித் தம்ளரில் போட்டு எடுத்தார். இடுக்கியைத் தளர்த்திய பிறகும் ரப்பர் பழைய வடிவத்துக்கு உடனே திரும்பவில்லை. அந்தக் காட்சி ஃபெயின்மனுக்குப் பெரும் புகழைத் தந்தது. அவர் அந்தப் புகழுக்குத் தகுதியானவர்தான். அதன் தொடக்கம் சாலியின் குறிப்பேட்டில் இருந்தது என்பதை, 2012-ல் அவர் இறந்த பிறகே குட்டைனா வெளியில் சொன்னார்.

சாலி ஏன் அதைத் தானே எழுந்து சொல்லவில்லை, மறைவாகக் கொடுத்ததில் என்ன துணிச்சல் இருக்கிறது என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். அவர் பேசியிருந்தால் கைதட்டல் அவருக்குக் கிடைத்திருக்கும். அந்தத் தாளை நம்பி அவரிடம் கொடுத்தவருக்கு வேலை போயிருக்கலாம். மனசாட்சியோடு பேசிய பொறியாளர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது ரோஜர் போஜலியின் கதையில் தெரிகிறது. ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர் அவர். இந்தக் குளிரில் ஏவக் கூடாது என்று முந்தின இரவே போராடித் தோற்றவர். ஆணையத்தின் முன் நடந்ததைச் சொன்ன பிறகு, கூட வேலைசெய்தவர்களே அவரை ஒதுக்கினார்கள். சாட்சியம் அளித்துவிட்டு வந்தவரைக் கட்டியணைத்து ஆறுதல் தந்தவர் சாலி ரைடு. அப்படிச் செய்தவர் அவர் ஒருவர்தான் என்று போஜலி பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஆகவே சாலியின் மௌனம் பயத்தில் பிறந்தது என்று என்னால் ஏற்க முடியாது. உண்மை வெளியே வரவேண்டும், அதைக் கொண்டுவந்தவர் பிழைத்திருக்கவும் வேண்டும் என்ற இரண்டையும் ஒருசேரக் காப்பாற்றிய மௌனம் அது.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அவ்வளவு விசாரித்தும் 17 ஆண்டுகள் கழித்து கொலம்பியா ஏன் உடைந்தது? 2003 ஜனவரி 16 அன்று கிளம்பியபோது, வெளித் தொட்டியிலிருந்து சுமார் முக்கால் கிலோ எடையுள்ள நுரைத் துண்டு பெயர்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. சேதத்தைப் படமெடுத்துப் பார்க்கவேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டார்கள். நிர்வாகம் அதைச் செய்யவில்லை. பிப்ரவரி 1 அன்று, தரையிறங்க இன்னும் கால் மணி நேரமே இருந்தபோது ஓடம் சிதறியது. அரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரும் இறந்தார்கள். விசாரணைக் குழுவுக்கு மறுபடியும் சாலி அழைக்கப்பட்டார். ரப்பர் வளைய மூட்டு 1986-க்குப் பிறகு மாற்றி வடிவமைக்கப்பட்டது, அது மறுபடி எந்த உயிரையும் வாங்கவில்லை. மாறாமல் இருந்தது நிர்வாகத்தின் பழக்கம். சேலஞ்சருக்கு முந்தைய பயணங்களிலும் வளையங்கள் அரித்துப்போயிருந்தன. கொலம்பியாவுக்கு முந்தைய பயணங்களிலும் நுரை பெயர்ந்து விழுந்திருந்தது. போனமுறை பத்திரமாகத் திரும்பியதால் இந்த முறையும் திரும்பும் என்று இரண்டு தடவையும் நம்பினார்கள். கொலம்பியாவில் சேலஞ்சரின் எதிரொலி கேட்கிறது என்று சாலி சொன்னார். அவருடைய அந்தக் கணிப்பு குழுவின் அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. முதல் விசாரணையை உள்ளிருந்து பார்த்த ஒருவர் இல்லாமல் இந்த ஒப்பீடு இவ்வளவு அழுத்தம் பெற்றிருக்காது. அதன் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் வெப்பக் கவசம் சுற்றுப்பாதையிலேயே சோதிக்கப்பட்டது. 2011-ல் ஓடங்கள் ஓய்வுபெறும் வரை நடந்த 22 பயணங்களிலும் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

‘முதல் பெண்’ என்பதன் பெருமையை நான் குறைப்பதாகச் சிலருக்குத் தோன்றலாம். 1978-ல் தேர்வான 35 பேரில் பெண்கள் ஆறு பேர். பயணத்துக்கு முன் பத்திரிகையாளர்கள் சாலியிடம், வேலையில் ஏதாவது தவறினால் அழுவீர்களா என்று கேட்டார்கள். ஒரு வாரப் பயணத்தின் மாதவிடாய்த் தேவைக்கு 100 டாம்பன்கள் போதுமா என்று நாசாவின் பொறியாளர்களே அவரிடம் கேட்டார்கள். அப்படியொரு சூழலில் இயந்திரக் கையை இயக்கிச் செயற்கைக்கோளை வெளியே விட்டு மீண்டும் பிடித்துக் காட்டியது சின்னச் சாதனை ஆகாது. அந்தப் பயணம் கொடுத்த மதிப்பால்தான் ஆணையத்தில் அவருக்கு நாற்காலி கிடைத்தது. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால், அவர் வாழ்க்கையில் பாதியைத்தான் சொல்கிறோம்.

கல்பனாவின் பெயரில் தமிழக அரசு ஆண்டுதோறும் சுதந்திர தினத்தன்று துணிச்சலுக்கான விருது வழங்குகிறது. அவர் கதை தெரியாத பள்ளிப் பிள்ளைகள் இங்கே குறைவு. ஆசிரியர்களிடமும் பாடநூல் எழுதுபவர்களிடமும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: கல்பனா விண்வெளிக்குப் போனதைச் சொல்லும்போது, அவர் ஏறிய ஓடம் ஏன் உடைந்தது என்பதையும், அந்தக் காரணத்தைத் தேடியவர்களில் சாலி ரைடு என்ற பெண் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.